இலக்கணம் மீரட்டில், இலக்கியம் அயோத்தியில்

இந்தி இலக்கணப் புத்தகத்தைத் திறக்கும் தமிழருக்கு முதல் சில பாடங்கள் சுலபமாகவே நகரும். எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினைமுற்று கடைசியில் என்ற வரிசை நமக்குப் பழகியதுதான். வேற்றுமை உருபும் நம் மொழியைப் போலவே பெயருக்குப் பின்னால் வரும். இடறல் தொடங்குவது பாலில். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது: மனிதராக இருந்தால் அவன், அவள்; மற்றதெல்லாம் அது. இந்தியில் உயிரற்றவைக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மூன்றாவதாக ஒன்று கிடையாது. காகிதம் ஆண், புத்தகம் பெண். வீடு ஆண், மேஜை பெண். மீசைகூடப் பெண்பால்தான், ஏன் என்று ஆசிரியரைக் கேட்டுப் பயனில்லை. அந்தப் பால் பெயரோடு நின்றுவிடாமல் அடைமொழி, உடைமை உருபு, வினை என்று வாக்கியம் முழுக்கத் தாவுவதால், ஒரு சொல்லின் பால் தெரியாமல் போனால் வாக்கியமே தடுமாறிவிடும்.

அதைவிடப் பெரிய இடறல் ‘நே’ என்ற உருபு. ‘ராம் ரோட்டீ காதா ஹை’ என்றால் ராம் ரொட்டி சாப்பிடுகிறான். வினை ராமைப் பார்த்து ஆண்பாலில் நிற்கிறது. அவன் சாப்பிட்டு முடித்துவிட்டான் என்றால் ‘ராம் நே ரோட்டீ காயீ’. இப்போது வினை ரொட்டியைப் பார்த்துப் பெண்பாலாகிவிட்டது. சீதா மாம்பழம் சாப்பிட்டாள் என்பது ‘சீதா நே ஆம் காயா’; சாப்பிட்டவள் பெண், வினையோ மாம்பழத்தின் ஆண்பாலில் இருக்கிறது. செயப்படுபொருளோடு ‘கோ’ சேர்ந்து ‘ராம் நே ரோட்டீ கோ காயா’ என்றானால், வினை இருவரையும் கைவிட்டு ஆண்பால் ஒருமையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது கிறுக்குத்தனம் அல்ல. சமஸ்கிருதத்தில் ‘ராமனால் ரொட்டி உண்ணப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையாக அமைந்த வாக்கியம்தான் நாளடைவில் சாதாரண இறந்தகாலமாக நிலைத்தது. உண்ணப்பட்டது ரொட்டி என்பதால் வினையும் ரொட்டியின் பக்கம் சாய்கிறது. இந்த விதியை ஒருவர் பிசகாமல் கையாண்டால் அவருக்கு இந்தி வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

இதையெல்லாம் தேர்ந்து முடித்தவர் ஆசையோடு துளசிதாசரின் ராமசரிதமானஸைக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தி இலக்கியத்தின் சிகரம் என்று எல்லோரும் சொல்லும் நூல் அது. 1574-இல் அயோத்தியில் எழுதத் தொடங்கப்பட்டது. அதில் அவர் உயிரைக் கொடுத்துப் படித்த ‘நே’ இல்லை. ‘என்னுடைய’ என்பதற்கு இலக்கணப் புத்தகம் ‘மேரா’ என்றது. இங்கே ‘மோர்’ என்று இருக்கிறது. சூர்தாசரிடம் போனால் அதே சொல் ‘மேரோ’ ஆகிறது. காரணம் எளியது. இலக்கணப் புத்தகம் சொல்லித் தருவது டெல்லி, மீரட், சகாரன்பூர் வட்டாரத்துப் பேச்சிலிருந்து உருவான கடிபோலி. துளசி எழுதியது லக்னோ, அயோத்திப் பக்கத்து அவதி மொழி. சூர்தாசர் பாடியது மதுரா, ஆக்ரா வட்டாரத்து பிரஜ் மொழி. வித்யாபதி பாடியது மிதிலையின் மைதிலி. மீராவின் பாடல்களில் ராஜஸ்தானி கலந்திருக்கிறது. கபீரிடம் எல்லாம் கலந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பு இந்தி இலக்கியம் என்று பட்டியலில் வருபவற்றில் மிகப் பெரும்பகுதி, இன்று இந்தி இலக்கணம் என்று நாம் படிக்கும் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதே அல்ல. அந்த இலக்கணமும் அந்த இலக்கியமும் ஏறத்தாழ நூறு ஆண்டு உழைப்பில் சேர்த்து வைக்கப்பட்டவை. இந்தியை அறிமுகம் செய்பவர் அந்தச் சேர்க்கையை மூடி மறைக்காமல் அதிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. அது தெரிந்தால் இலக்கணமும் விளங்கும், இலக்கியமும் விளங்கும். தெரியாவிட்டால் இரண்டுமே குழப்பம்.

சேர்க்கை நடந்த விதத்தைச் சான்றுகளோடு பார்க்கலாம். 1800-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியில், கம்பெனி அதிகாரிகளுக்குப் பாடநூல் எழுத அமர்த்தப்பட்டவர்களில் ஒருவர் ஆக்ராக்காரரான லல்லூலால். அவருடைய ‘பிரேம் சாகர்’ நவீன இந்தி உரைநடையின் தொடக்க நூல்களில் ஒன்று. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்துக்கு பிரஜ் மொழியில் ஏற்கெனவே இருந்த ஒரு நூலை வைத்துக்கொண்டு, அதைக் கடிபோலிக்கு மாற்றி, பாரசீக, அரபுச் சொற்களைத் தவிர்த்து எழுதினார். ஆக, உரைநடை பிறக்கும்போதே பழைய பிரஜ் சொத்தைப் புதிய இலக்கணத்துக்குக் கைமாற்றும் வேலையும் தொடங்கிவிட்டது. பாரதேந்து ஹரிச்சந்திரர் (1850–1885) காலத்தில் இது இன்னும் வெளிப்படை. நவீன இந்தியின் தந்தை என்று போற்றப்படும் அவர் நாடகத்தின் உரையாடலையும் கட்டுரையையும் கடிபோலியில் எழுதினார், கவிதையைப் பெரும்பாலும் பிரஜில் எழுதினார். கடிபோலியில் கவிதை முயன்று பார்த்தும் இனிமை கூடவில்லை என்பது அவர் எண்ணம். 1880-களின் கடைசியில் முசாபர்பூரைச் சேர்ந்த அயோத்தியா பிரசாத் கத்ரி என்பவர், கடிபோலியிலும் கவிதை எழுத முடியும், எழுதவேண்டும் என்று தொகுப்பு நூல் போட்டு வாதிட்டபோது, பாரதேந்துவின் வட்டத்தாரே எதிர்த்து எழுதினார்கள். இந்திக் கவிதைக்கு இந்தி இலக்கணம் ஒத்துவருமா என்று இந்திக்காரர்களே பத்திரிகையில் சண்டை போட்டுக்கொண்ட காலம் அது. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

இலக்கண நூல்களையே அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1876-இல் வந்த சாமுவேல் கெல்லாக் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் இந்தி இலக்கணத்தில், தரப்படுத்தப்பட்ட இந்தியோடு பிரஜ், துளசி ராமாயணத்தின் கிழக்கத்தி மொழி, மார்வாரி, குமாவுனி, போஜ்புரி என்று பல மொழிகளின் வடிவங்களும் அட்டவணை அட்டவணையாக வருகின்றன. அவரைப் பொறுத்தவரை இந்தி என்பது ஒரு குடும்பத்தின் பெயர். 44 ஆண்டுகள் கழித்து, 1920-இல், காமதா பிரசாத் குருவின் ‘ஹிந்தி வியாகரண்’ வருகிறது. இன்றுவரை இந்தி இலக்கணத்துக்கு ஆதார நூல் அதுதான். நூலின் உடல் முழுக்கக் கடிபோலி. கவிதையின் மொழி பின்னிணைப்புக்குப் போய்விட்டது. கெல்லாக்கிடம் சம ஆசனத்தில் இருந்தவை குருவிடம் திண்ணைக்கு வந்துவிட்டன. குருவைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் பத்திரிகைக்கும் ஒரு திட்டமான மொழி தேவைப்பட்டபோது எந்த இலக்கண ஆசிரியரும் அப்படித்தான் செய்திருப்பார்.

குருவின் நூலை எழுதச் செய்து வெளியிட்டது காசியின் நாகரி பிரசாரிணி சபை, 1893-இல் மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கிய அமைப்பு. ‘ஹிந்தி சப்தசாகர்’ என்ற பேரகராதியும் அந்தச் சபையின் வேலையே. ராமச்சந்திர சுக்லாவின் ‘ஹிந்தி சாஹித்ய கா இதிஹாஸ்’ (1929) அந்த அகராதியின் முன்னுரையாகத் தொடங்கி வளர்ந்த நூல். வீரக்கதைக் காலம், பக்திக் காலம், ரீதிக் காலம், உரைநடைக் காலம் என்று இன்று பாடப்புத்தகங்களில் வரும் நான்கு பிரிவும் அவர் வகுத்தது. இலக்கணம், அகராதி, இலக்கிய வரலாறு மூன்றும் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள், ஒரே ஊரில், ஒரே சபையிலிருந்து வந்தன. இலக்கணம் கடிபோலியைத் தரமாக்கியது. வரலாறு அவதியையும் பிரஜையும் மைதிலியையும் அதன் முன்னோர் வரிசையில் வைத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காசியின் வீட்டுப் பேச்சு கடிபோலி அல்ல, போஜ்புரி. ‘போனான்’ என்பதற்குச் சபையின் இலக்கணம் ‘கயா’ என்றது. சபையின் வாசலுக்கு வெளியே ஊர் ‘கயில்’ என்று பேசிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எந்த மொழிக்குத்தான் பழையதும் புதியதும் ஒன்றாக இருக்கிறது? குறுந்தொகையின் தமிழும் இன்றைய நாளிதழின் தமிழும் வேறுவேறுதானே, அதற்காகச் சங்க இலக்கியம் தமிழ் இல்லை என்றாகுமா? கேள்வி நியாயமானது, ஆனால் ஒப்புமை பொருந்தாது. சங்கத் தமிழிலிருந்து இன்றைய தமிழ் வரை காலத்தால் இறங்கி வந்த ஒரு வழி இருக்கிறது. அவதியிலிருந்து கடிபோலி இறங்கி வரவில்லை. அது தாயல்ல, மூத்த சகோதரி. இன்றும் உயிரோடு பேசப்படுவது. துளசியின் ‘மோர்’ தேய்ந்து ‘மேரா’ ஆகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வேறுவேறு ஊரில் வழங்கியவை. வாக்கியக் கட்டமைப்பிலேயே வேறுபாடு இருக்கிறது. ‘நே’ மேற்கத்தி மொழிகளின் சொத்து. அவதி, போஜ்புரி, மைதிலி எதிலும் அது இல்லை. அதனால்தான் பாட்னாவிலும் கோரக்பூரிலும் உள்ளவர்கள் இந்தி பேசும்போது ‘நே’ விட்டுப்போகிறது, பால் மாறிப்போகிறது, டெல்லிக்காரர்கள் கேலி செய்கிறார்கள். தயிர் ஆண்பாலா பெண்பாலா என்ற வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை. இந்தி மாநிலம் என்று நாம் நினைக்கும் இடத்துப் பிள்ளையும் இந்த இலக்கணத்தைப் பள்ளியில்தான் கற்கிறது.

கடிபோலியின் சொந்த இலக்கிய மூதாதையர் எங்கே என்று இலக்கணத்தை மட்டும் அளவுகோலாக வைத்துத் தேடினால், வரலாறு எதிர்பாராத திசையில் இழுத்துச் செல்கிறது. கோல்கொண்டாவின் சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா (1565–1612) தக்கனி மொழியில் கவிதைத் தொகுதியே வைத்திருக்கிறார். தக்கனி, டெல்லியிலிருந்து படையோடும் சூஃபிகளோடும் தெற்கே வந்த பேச்சு. கடிபோலியின் நெருங்கிய உறவு. பின்னர் டெல்லியில் மீர் (1723–1810), காலிப் (1797–1869). மீரின் உருதுவில் ‘மேரா’ உண்டு, ‘நே’ உண்டு, பால் இயைபு உண்டு. இந்தி இலக்கணத்தை வரி பிசகாமல் பின்பற்றிய கவிஞர்கள் இவர்கள்தாம். ஆனால் எழுத்து வேறு, சொற்களஞ்சியம் பாரசீகம் என்ற காரணத்தால் இந்தி இலக்கிய வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லை. இலக்கணம் ஒத்துப்போகும் காலிப் வெளியே, ஒத்துப்போகாத துளசி உள்ளே. எழுத்துதான் அளவுகோல் என்றும் சொல்ல முடியாது: அவதியில் 1540-இல் ‘பத்மாவத்’ எழுதிய ஜாயசியின் சுவடிகள் பல பாரசீக எழுத்தில் கிடைத்தவை, அவரோ உள்ளே இருக்கிறார். நமக்குப் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. தரங்கம்பாடிக்கு வந்து பின்னர் சென்னையில் பணியாற்றிய ஜெர்மன் பாதிரியார் பெஞ்சமின் ஷூல்ட்ஸே, இந்துஸ்தானி மொழிக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1740-களில் ஹாலே நகரில் அச்சானது. இந்த மொழிக்கு அச்சேறிய முதல் இலக்கணங்களில் அது ஒன்று. அவர் காதில் விழுந்தது தென்னாட்டு முஸ்லிம்களின் பேச்சு. துளசியின் மானஸோ சூர்தாசரின் சூரசாகரமோ அல்ல.

அப்படியானால் இந்தி இலக்கியம் என்பதே சபைக்காரர்கள் ஒட்டவைத்த பொய்க்கட்டு என்று சொல்லிவிடலாமா? சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். இலக்கணத்தில் இல்லாத ஒற்றுமை வாசிப்பில் இருந்தது. துளசிதாசரே மானஸை அவதியிலும் விநய பத்திரிகையை பிரஜிலும் எழுதினார். அக்பரின் அவையில் இருந்த ரஹீம் இரண்டிலும் எழுதினார். நீண்ட கதைக்கு அவதி, பாடலுக்கும் சிருங்காரத்துக்கும் பிரஜ் என்று வகை பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இருந்தது; கவிஞரின் வீட்டுப் பேச்சு எது என்பது இரண்டாம்பட்சம். பிரஜ் கற்றுக்கொண்டால்தான் கவிஞர் என்ற நிலை குஜராத்தின் கட்சு வரை பரவியிருந்தது: புஜ் நகரத்தின் அரசர் 18-ஆம் நூற்றாண்டில் பிரஜ் கவிதை கற்பிக்கத் தனிப் பாடசாலையே நடத்தினார். மானஸின் ஓதலும் ராம்லீலாவும் கடிபோலி வட்டாரத்திலும் போஜ்புரி வட்டாரத்திலும் ஒன்றுபோல நடந்தன. பல மொழியை ஒரே மேடையில் வைத்துக் கேட்கப் பழகிய செவிகள் அவை. பாரதேந்து உரைநடைக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டதும் அந்தப் பழக்கத்தின் கடைசிக் கண்ணிதான். சுக்லா அந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டதில் தவறில்லை. இலக்கியத்தில் இருந்த ஒற்றுமையை ஒரே மொழியின் ஒற்றுமையாகப் படிக்க வைத்ததில்தான் சிக்கல்.

கவிதையும் கடைசியில் கடிபோலிக்கு வந்து சேர்ந்தது, அதுவும் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் வழியாக. 1903 முதல் 1920 வரை ‘சரஸ்வதி’ மாத இதழின் ஆசிரியராக இருந்த மகாவீர் பிரசாத் திவிவேதி, வந்த எழுத்தையெல்லாம் இலக்கணம் பார்த்துத் திருத்தித் திருத்தி, கவிதைக்கும் உரைநடைக்கும் ஒரே மொழி என்பதை நிலைநாட்டினார். அவர் வளர்த்த மைதிலிசரண் குப்தாவின் ‘பாரத் பாரதி’ 1912-இல் வந்தது. ஹரிஔதின் ‘பிரியபிரவாஸ்’ என்ற காவியம் 1914-இல். 1936-இல் ஜெய்சங்கர் பிரசாதின் ‘காமாயனி’ வந்தபோது, கடிபோலியில் இனிமை இல்லை என்று பேச யாரும் மிஞ்சவில்லை. பிரேம்சந்த் வந்த வழி வேறு. அவர் உருதுவில் எழுதத் தொடங்கியவர். ‘சேவாசதன்’ முதலில் உருதுவில் எழுதப்பட்டு, முதலில் இந்தியில் அச்சானது. 1938-இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த முதல் படமான ‘சேவாசதனம்’ அந்த நாவலின் தமிழ் உருவம். உருதுவுக்கும் இந்திக்கும் இலக்கணம் ஒன்றே என்பதால் பிரேம்சந்தால் எழுத்தை மாற்றி, சொல்லைக் கொஞ்சம் மாற்றி, இரு வாசலிலும் நுழைய முடிந்தது.

அவருடைய ‘கோதான்’ (1936) நாவலைச் சற்று அருகில் பார்க்கவேண்டும். ஒரு பசு வாங்கும் ஆசையிலேயே ஆயுளைக் கழிக்கும் விவசாயி ஹோரியின் ஊர் பேலாரி, அவத் பகுதியில் உள்ளதாக நாவலே சொல்கிறது. அப்படியென்றால் ஹோரியும் அவன் மனைவி தனியாவும் வீட்டில் பேசியிருக்கவேண்டியது துளசியின் மொழி. பிரேம்சந்த் அவர்களைப் பேசவைப்பதோ கடிபோலி. நடுநடுவே கிராமத்துச் சொல் வரும், திரிந்த உச்சரிப்பு வரும்; ‘நே’ மட்டும் பிசகுவதில்லை. படிக்கும்போது யாருக்கும் இது உறுத்துவதில்லை என்பதே பிரேம்சந்தின் சாமர்த்தியம். ஆனால் நானூறு ஆண்டுக்கு முன் பெருங்காவியம் தாங்கிய மொழி, அதே மண்ணின் விவசாயி வாயிலிருந்து எழுத்தில் மறைந்துபோனது என்பதும் உண்மை. 1954-இல் பணீஸ்வர்நாத் ரேணு ‘மைலா ஆஞ்சல்’ எழுதி, பீகாரின் பூர்ணியா மாவட்டத்துப் பேச்சையும் பாட்டையும் உச்சரிப்பையும் கடிபோலிக்குள் தாராளமாகக் கொட்டினார். வட்டார நாவல் என்று அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். நம் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குச் சூட்டிய பெயரும் அதுவே என்றாலும், ரேணு கொண்டுவந்தவை வட்டார வழக்கு மட்டுமல்ல. மைதிலி போன்ற தனி இலக்கணமுள்ள மொழிகளும் அதில் உண்டு.

பேசவும் தேர்வெழுதவும் இந்தி படிப்பவருக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 1918-இல் சென்னையில் காந்தியின் முன்முயற்சியில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் தேர்வுகளைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். பிராத்மிக், மத்யமா என்று படியேறும்போது இலக்கணம் கைக்குள் வந்துவிடுகிறது. பிறகு கபீரின் ஈரடியும் ரஹீமின் ஈரடியும் வரும்போது மாணவர் தன் இலக்கணம்தான் சரியில்லை என்று எண்ணிக்கொள்கிறார், அல்லது கவிஞர் ஓசைக்காகச் சொல்லை உடைத்துவிட்டார் என்று உரைநூல் சொல்வதை மனப்பாடம் செய்கிறார். இரண்டும் வீண். இது வேறு மொழி, இதற்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு, ‘மேரா’வுக்கு பிரஜில் ‘மேரோ’, அவதியில் ‘மோர்’ என்று ஒரு பக்க அட்டவணை கொடுத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். கெல்லாக் 1876-இலேயே செய்த காரியம் அது. நடைமுறையில் சொன்னால், பிரேம்சந்தின் சிறுகதைகளில் இலக்கணத்தைப் பழகி, அதே இலக்கணம் பழைய கவிதையில் எப்படி ஒலித்தது என்று அறிய மீரையும் காலிப்பையும் நாகரி எழுத்துப் பதிப்பில் தொட்டுப் பார்த்து, அதற்குப் பிறகு துளசியிடம் போவதுதான் சரியான வரிசை. பாடத்திட்டங்கள் நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு நேரே தாண்டச் சொல்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 52.83 கோடி, நாட்டில் 43.63 சதவீதம். அந்தத் தொகைக்குள் இந்தி என்றே பதிவானவர்கள் சுமார் 32.2 கோடி, போஜ்புரி 5 கோடிக்குச் சற்று மேல், ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி என்று மற்றவையும் சேர்ந்துதான் அது நிரம்புகிறது. துளசியின் அவதியைத் தன் மொழி என்று சொன்னவர்கள் சுமார் 38.5 லட்சம் பேர், சூர்தாசரின் பிரஜைச் சொன்னவர்கள் சுமார் 15.6 லட்சம் பேர். அந்த வட்டாரங்களின் மக்கள்தொகையோ பல கோடி. வீட்டில் அவதி பேசுபவர்களில் பெரும்பாலோர் கணக்கெடுப்பவரிடம் இந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். மைதிலி மட்டும் வழி பிரிந்தது: 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை எட்டாவது அட்டவணையில் தனி மொழியாகச் சேர்த்தது. ஆனாலும் இந்தி இலக்கிய வரலாறுகள் வித்யாபதியை விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அவர் இரண்டு மொழியின் வரலாற்றிலும் முதல் அத்தியாயங்களில் இருக்கிறார். போஜ்புரியையும் ராஜஸ்தானியையும் அதே அட்டவணையில் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. அது நிறைவேறினால் மீராவையும், போஜ்புரி பேசும் காசியில் வாழ்ந்த கபீரையும் எந்தப் பட்டியலில் வைப்பது என்று சுக்லாவின் வாரிசுகள் மறுபடி உட்கார்ந்து யோசிக்கவேண்டியிருக்கும்.